திருச்சியிலிருந்து கிள்ளானுக்கு: நாலு மணி நேரமும் ஒரு காதுகுத்தும்

ஞாயிறு காலை எட்டரை. திருச்சியில் விமானம் கிளம்பும்போது என்னைவிடக் கெட்டிக்காரன் கிடையாது என்ற நினைப்பில் இருந்தேன். கோலாலம்பூருக்கு ஆகாய வழியில் ஏறக்குறைய 2,690 கிலோமீட்டர். பறக்கும் நேரம் நாலு மணி. அதற்குப் பக்கத்தில் கிள்ளானில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை மல்லிகாவின் மகளுக்கு அன்று காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். இருக்கிற ஒரே மாமன் நான். எனக்கு லீவு கிடைக்காமல் இரண்டு தடவை தள்ளிப்போன விசேஷம் வேறு.

"எத்தனை மணிக்கு இறங்குவே அண்ணே?" என்று போன வாரம் போனில் கேட்டாள். "பன்னிரண்டரை" என்றேன் பட்டென்று. எட்டரையோடு நாலைக் கூட்டினேன், அவ்வளவுதான். டிக்கெட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்று அவள் நம்பிவிட்டாள். நாலரைக்கு ராகு காலம், அதற்கு முன்னால் மூன்று மணிக்கே குத்திவிடலாம் என்று எல்லோரையும் கோயிலுக்கு அழைத்துவிட்டாள்.

விமானம் தரை தொட்டதும் அறிவித்தார்கள்: உள்ளூர் நேரம் பிற்பகல் மூன்று மணி. அடக் கடவுளே! மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும் நாடு என்பது அப்போதுதான் உறைத்தது. என் கைக்கடிகாரமோ பன்னிரண்டரை என்று சாதித்தது.

மல்லிகாவுக்குப் போன் போட்டேன். "நாலரைக்குள்ள நீ வரலேன்னா சித்தப்பா மடியில உட்கார வச்சிடலாம்னு மாமியார் சொல்லிட்டாங்க" என்று அழுதாள்.

3.50. பாஸ்போர்ட் பார்க்கும் குடிநுழைவு வரிசை தாண்டி டாக்சி பிடித்தேன். கிள்ளான் சுமார் அறுபது கிலோமீட்டர், எண்பது ரிங்கிட். ஓட்டுநர் கதையைக் கேட்டுச் சிரித்தார்.

"இந்தியாவுல இருந்து வர்ற பாதிப் பேர் இந்தக் கணக்குதான் போடுறாங்க. டென்ஷன் ஆகாதீங்க அண்ணே, சண்டே ஜாம் இருக்காது லா." பேச்சோடு ஒரு 'லா' சேர்ப்பது அந்த ஊர் வழக்கம்.

எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள் பின்னால் ஓடின. வழியில் ஷா ஆலாம் நகரம் வந்ததும் ஜாம் வந்தது. ஓட்டுநர் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்.

4.50. கோயிலுக்குள் ஓடினேன். மல்லிகா குழந்தையை இறுக்கி அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். யார் மடிக்கும் தரவில்லையாம். மாமியார் முகத்தைத் தூக்கிவைத்திருந்தார். ராகு காலம் முடிய ஆறு மணி ஆகும். காது குத்தும் பத்தருக்கோ ஆறு மணிக்குச் செலாயாங்கில் இன்னொரு வீட்டு விசேஷம்; அவர் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

மன்னிப்புக் கேட்கக் கைகூப்பினேன். பூசாரி என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"மாமா வாட்ச்சுல மணி ரெண்டு இருபதுதானே? பாப்பா உட்காரப் போறது மாமா மடியில. மாமா மடிக்கு இன்னும் ராகு காலம் வரலை லா!"

முதலில் சிரித்தது மாமியார்தான். பத்தர் பையைத் திரும்ப அவிழ்த்தார். பாப்பா வீறிட்டாள், அவளைவிட நான்தான் அதிகம் அழுதேன் என்று வீடியோ சொல்கிறது.

புதன்கிழமை காலை ஒன்பதுக்குத் திரும்பும் விமானம். நாலு மணி நேரம் பறந்தும் பத்தரைக்கே திருச்சி. பறிகொடுத்த இரண்டரை மணி நேரம் வட்டியில்லாமல் கைக்கு வந்துவிடும். வழியனுப்ப வந்த மல்லிகா என் கடிகாரத்தைப் பார்த்தாள். அது இன்னமும் திருச்சி நேரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"அடுத்த தடவை வரும்போது ஒழுங்கா மாத்திக்கிட்டு வர்றேன்" என்றேன்.

"மாத்திடாதே அண்ணே" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "இவனுக்கும் அந்த மணிதான் வேணும்."