எங்கள் வீட்டு டெக்கில் ஹங்கேரிக் கச்சேரி

சுவிஸில், பேர்ணில் எங்கள் வீட்டுக்குக் கட்டில் வாங்கமுதலே வீடியோ டெக் வாங்கியவர் என் கணவர். அதுவும் சும்மா டெக் இல்லை. கனடாவில் இருந்து வரும் கலியாணக் கசெட் ஒரு முறையில் பதிந்தது, பாரிசில் இருந்து வருவது இன்னொரு முறையில்; முறை மாறினால் சாதாரண டெக்கில் நிறம் வராது. எல்லாவற்றையும் நிறத்தோடு காட்டுகிற டெக்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். "படுக்க நிலம் கிடக்குது. எங்கடை சனத்தைப் பாக்க என்ன கிடக்குது?" என்று கேட்டார். மூன்று மாதம் நிலத்தில் படுத்தேன். மூன்று மாதமும் ஏசினேன்.

அந்த டெக்கை நான் மனதார வாழ்த்தியது ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான்.

அப்போது நான் ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை. நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டங்கள் பெல்ட்டில் ஓடி வரும். நான் உருளைக்கிழங்கு வைப்பேன். எனக்குப் பக்கத்தில் நின்று சோஸ் ஊற்றுபவள் ஒரு ஹங்கேரிக்காரி, என்னைவிடப் பத்து வயது மூப்பு. இருவரும் கதைத்தது அரைகுறை ஜெர்மன். ஆனால் இன்றைக்கு நினைத்தால் அவள் எங்கள் தமிழில் கதைத்தது போலவே காதில் கேட்கிறது. அப்படியே எழுதிவிடுகிறேன்.

ஒருநாள் அவள் சோஸைப் புடிங்கின் மேல் ஊற்றினாள். மூன்றாம் தரமும் ஊற்ற எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "உனக்கென்ன விசரோ?" என்று கேட்டேன். அவள் ஏப்ரன் பையில் இருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினாள். மடிப்புகளில் கிழியத் தொடங்கிய கடிதம்.

இடைவேளையில் கதை வந்தது. பதினேழு வருடத்துக்கு முன் அவள் யூகோஸ்லாவியாவுக்கு இரண்டு கிழமை விடுமுறை என்று சொல்லி வீட்டை விட்டுப் புறப்பட்டவள். திரும்பிப் போகவில்லை. எல்லை தாண்டி இங்கே வந்துவிட்டாள். அவளுடைய ஒரே தம்பி அப்போது பல்கலைக்கழகத்தில். அக்கா ஓடிப்போனதற்கு விசாரணைக்குப் போய்ப் பதில் சொன்னவன் அவன்தான். படிப்பும் போயிற்று. அதன்பிறகு அவள் போட்ட கடிதம் ஒன்றுக்கும் பதில் இல்லை. தாய் செத்ததைக்கூட யாரோ அயலவர்தான் அறிவித்தார்கள்.

இப்போது கடிதம் எழுதியிருந்தவள் தம்பியின் மனைவி, அவனுக்குத் தெரியாமல். கூடவே ஒரு வீடியோக் கசெட். அக்காவும் தம்பியும் இளமையில் ஒன்றாக இருந்து கேட்ட ராக் இசைக்குழு, பெரிய அரங்கு ஒன்றில் தன் ஆண்டு விழாக் கச்சேரியை நடத்தியதாம். அதைத் தொலைக்காட்சியில் காட்டியபோது பதிந்தது. 'இவரும் அதில் வருகிறார். மேடைக்கு இடப்பக்கம், சிவப்புச் சுவெற்றர்' என்று எழுதி, கடைசி வரியில் வீட்டுத் தொலைபேசி இலக்கம்.

"பின்னை ரெலிபோன் அடியன்," என்றேன்.

"பயமா இருக்கு. முதல்லை முகத்தைப் பாக்கவேணும். இன்னும் கோவமோ இல்லையோ எண்டு எனக்கு முகத்திலை தெரியும். பாத்திட்டுத்தான் அடிப்பன்."

பார்க்க முடியாததுதான் சங்கடம். அவளுடைய வீட்டு மெஷினில் அந்தக் கசெட் நிறமில்லாமல் ஓடியது. அத்தனை ஆயிரம் பேரும் சாம்பல். அதில் சிவப்புச் சுவெற்றரை எங்கே தேடுவது? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்கோ புடிங்கைப் பழுதாக்கினனீ? ஞாயிறு வீட்டை வா. எங்கடை டெக் எதைக் குடுத்தாலும் தின்னும்."

வந்தாள். உதட்டுச் சாயம் பூசி, கச்சேரிக்கே போகிறவள் மாதிரி. கையில் கசகசா வைத்த கேக். நான் ரோல்ஸ் பொரித்திருந்தேன். உறைப்புக்குக் கண் கலங்குவாள் என்று பார்த்தால் நான்கை விழுங்கிவிட்டு ஐந்தாவதை எடுத்தாள்.

கசெட் போட்டதும் நிறம் வந்தது. என் கணவருக்கு முகமெல்லாம் பெருமை. மேடையில் தோளில் புரளும் தலைமயிரும் பெல்ட்டுக்கு மேல் வழியும் வயிறுமாக ஐந்து பேர். "உவையளோ அந்தப் பெரிய பாட்டுக்காரர்? பஸ் றைவர்மார் மாதிரியெல்லோ இருக்கினம்!" என்றார். நல்லவேளை, அவளுக்குத் தமிழ் விளங்காது.

ஆனால் மேடை விளக்கைச் சிவப்பாக்கினார்கள். அரங்கில் இருந்த அத்தனை பேரும் சிவப்பு! ஐயோ என்று இருந்தது.

"பாட்டுக்காரரைப் பாக்காதை, பின்னாலை பார்," என்று அவளுக்குச் சொன்னேன். நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். கலியாணக் கசெட்டில் மாப்பிள்ளை பொம்பிளையை யார் பார்த்தது? பின்வரிசையில் இருப்பது யார், யார் மெலிந்துபோனார், யார் வரவில்லை என்பதுதான் எங்களுக்குப் படம். ஊரில் நடந்த என் மச்சாளின் கலியாணக் கசெட்டில் அப்பா நான்கு விநாடி வருவார். சாப்பிட்டுவிட்டுக் கைகழுவ எழும்புவார், அவ்வளவுதான். திருப்பித் திருப்பிப் போட்டு அந்த இடத்தில் கோடு விழுந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கம் அப்போது தொலைபேசி இல்லை. கடிதம் வந்தால் வந்தது.

இவர் றிமோட்டோடு நிலத்தில் இருந்து, சனத்தைக் காட்டும் இடமெல்லாம் நிறுத்தி நிறுத்தி விட்டார். ஒரு மணித்தியாலம் போயிற்று. அவன் இல்லை.

"தேடினது காணும், விடுங்கோ," என்றாள். அந்த நேரம் ஆறுதலான ஒரு பாட்டுத் தொடங்கியது. அவள் தேடுவதை விட்டுவிட்டுக் கண்ணை மூடி, கூடவே மெல்லப் பாடினாள். பாடும்போது ஒரு விரலால் இடது காதைப் பொத்திக்கொண்டாள். நான் அவளைப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்க்கிறேன், அங்கே மொட்டைத் தலையும் கண்ணாடியுமாக ஒருவன், கண்ணை மூடி, ஒரு விரலால் இடது காதைப் பொத்திக்கொண்டு பாடுகிறான்.

"நிப்பாட்டுங்கோ!" நான் போட்ட சத்தத்தில் இவருடைய கையில் இருந்த ரோல்ஸ் விழுந்தது.

படம் நடுங்கிக்கொண்டு நின்றது. அவள் கண்ணைத் திறந்தாள். திரையைப் பார்த்தாள். "தலைமயிர் எங்கை போட்டுது?" என்பதுதான் அவளுடைய வாயில் இருந்து வந்த முதல் சொல். பிறகு திரைக்குக் கிட்டப் போய் முழந்தாளில் இருந்தாள்.

"கோவமோ?" என்று கேட்டேன்.

"தெரியேல்லை. பாடுற முகத்திலை என்னெண்டு தெரியும்?" என்று அழுதாள்.

இவர் எழும்பிப் போய், வயரை இழுத்துக்கொண்டு தொலைபேசியைக் கொண்டுவந்து அவளுடைய மடியில் வைத்தார். "கேட்டாத்தானே தெரியும், அக்கா," என்றார் தமிழில். அது மட்டும் அவளுக்கு விளங்கிவிட்டது.

இலக்கத்தைச் சுழற்றினாள். மறுமுனையில் ஒரு ஆண்குரல். அவளுக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. குரல் இரண்டாம் தரமும் கேட்டது. வைத்துவிடப் போகிறான் என்று எனக்குப் பதறியது. ரிசீவரைப் பறித்துத் திரைக்கு முன்னால் பிடித்தேன். "போடுங்கோ!" பாட்டு விட்ட இடத்தில் இருந்து ஓடியது. நான்கு வரி போகவிட்டு, ரிசீவரை அவளுடைய காதில் வைத்தேன்.

அந்தக் குரல் எழும்பியது. படபடவென்று, மூச்சு விடாமல். ஏச்சுக்கு மொழி தேவையில்லை, எனக்கே விளங்கியது. என் அவசரப் புத்தியால் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேனே என்று நினைத்தேன். அவளைப் பார்த்தால் உதட்டுச் சாயம் கலைய அழுதுகொண்டு சிரிக்கிறாள்.

"என்னவாம்?" என்று கையால் கேட்டேன்.

ரிசீவரைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "'ரெண்டு கிழமை எண்டு சொல்லிப்போட்டுப் போனனீ, இவ்வளவு நாளும் எங்கை நிண்டனீ?' எண்டு கேக்கிறான்."

நாங்கள் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை மறைத்து என்ன? நானும் கெதியாக வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தவள்தான். அப்பா அந்த நான்கு விநாடியில் கைகழுவ எழும்புகிறாரே தவிர, என்னை ஒரு சொல் ஏசியதில்லை.

"இன்னும் ஏசுறானோ?" என்று இவர் கேட்டார்.

கதவைக் கொஞ்சம் நீக்கிப் பார்த்தேன். அவள் இரண்டு கையாலும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். ரிசீவருக்குள் அந்தக் குரல் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஓம்," என்றேன். "ஏசட்டும். வடிவா ஏசட்டும்."