பூசணிக்காய் வாரத்து நீராவி

மைசூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஓர் ஆலையில், புகைபோக்கி வழியாகப் போகும் கரியமில வாயுவைப் பிடிக்கத் திட்டம் போட்டார்கள். ஓய்வுபெற்ற கொதிகலன் பொறியாளனான என்னையும் ஆலோசனைக்கு அழைத்தார்கள். திட்டத்தின் தலைவி தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளி ஊர்க்காரப் பெண், என் மகளைவிட இளையவள். அவளுக்கு இதுதான் முதல் பெரிய பொறுப்பு.

வாயுவைக் கரைசலில் பிடித்துவிடலாம். மறுபடி அதைப் பிரித்தெடுக்க நீராவி வேண்டும். ஆலையில் அவ்வளவு நீராவி மிஞ்சுமா என்று ஒரு வாரம் அளந்தோம். மிஞ்சவில்லை. திட்டத்தைக் கைவிடலாம் என்று அறிக்கையும் தயாராகிவிட்டது.

கூட்டத்துக்கு முந்தின நாள்தான் எனக்கு உறைத்தது. நாங்கள் அளந்தது ஆயுதபூஜை வாரம். பூஜைக்காக இயந்திரங்களைத் துடைத்துப் பளிச்சென்று வைத்திருப்பார்கள், அளக்க வசதி என்று எல்லோரும் சேர்ந்துதான் அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம். உலைக்குள் போனதை யாரும் யோசிக்கவில்லை. அவளுக்குப் போன் செய்தேன்.

"எங்க தெருவுல மட்டும் முப்பத்தேழு பூசணிக்காய் உடைச்சாங்கம்மா. வாழைக்கன்று அறுபத்திரண்டு."

"அதையுமா எண்ணுனீங்க சார்? வீட்டம்மா ஒண்ணும் சொல்லலீங்களா?"

"முப்பத்தெட்டாவதா உங்க தலையை உடைக்கிறேன்னு சொன்னா."

சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "ஊரு பூராவும் அந்த ஈரக்குப்பைதான் உலைக்கு வந்திருக்குமுங்க. காயவெக்கறதுக்கே சூடு போயிருக்கும்."

மறுநாள் கூட்டத்தில் மறுபடி அளக்க அவகாசம் கேட்டாள். மேலதிகாரி எரிச்சலோடு, "நீங்களே அளந்துட்டு நீங்களே தப்புன்னா எப்படி மேடம்?" என்றார்.

"வாரம் தப்புங்க சார். அதைத் தேர்ந்தெடுத்தது நானுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள், பேசாதீர்கள் என்பதுபோல் என்னைப் பார்த்தாள். முதல் பொறுப்பிலேயே பெயர் கெட்டிருக்கலாம். ஒரு கிழவனின் பூசணிக்காய்க் கணக்கை நம்பி அவள் அதற்குத் துணிந்தாள்.

மறுபடி அளந்தபோது, குப்பை காய்ந்து வந்த வாரங்களில் நீராவி மிஞ்சியது. திட்டம் பிழைத்தது. ஆயுதபூஜை வாரத்தில் மட்டும் வாயு பிடிக்கும் பகுதியைக் குறைத்து ஓட்டுவது என்று அதில் எழுதிச் சேர்த்தாள்.

இந்த வருஷம் பூஜைக்கு மறுநாள் அவளே போன் செய்தாள்.

"உங்க தெருவுல எத்தனைங்க சார்?"

"நாப்பத்தொண்ணு."

"இருங்க, எழுதிக்கறேன்."

வாழ்நாள் முழுக்க எதையெதையோ எண்ணியிருக்கிறேன். எத்தனை என்று கேட்டவள் அவள் ஒருத்திதான்.