ஊஞ்சலடி மோதிரம்

ஆர்வோ லாட்டி முப்பத்திரண்டு வருடம் கவுன்ட்டி நிர்வாகத்தின் பனி தள்ளும் வண்டியை ஓட்டினார். ஓய்வு பெற்ற மறுவாரமே உலோகம் தேடும் மெஷின் ஒன்றை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, காட்டுக்குள் இருந்த நாலாம் நம்பர் சுரங்கக் குடியிருப்புக்குப் போக ஆரம்பித்தார். அங்கே செம்பு எடுப்பதை நிறுத்தி முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. வீடுகள் போய் அடித்தளக் கற்களும் ஆப்பிள் மரங்களும்தான் மிச்சம். நிலம் கவுன்ட்டியுடையது. யாரும் தேடலாம், தோண்டிய குழியைத் தோண்டியவர் மூடிவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். கிழவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று ஊரில் சிரித்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

வெள்ளிக் காசுக்காகப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் முதலில் தேடிப் போனது மனைவி ஐலியின் கல்யாண மோதிரத்தை.

1967 ஜூலையில் சுரங்கக்காரர்களின் பிக்னிக் அங்கே நடந்தது. சாயங்காலம் ஐலியின் விரல் வெறுமையாக இருந்தது.

"நம்ம பாப்பா மார்த்தாவ ஊஞ்சல்ல வெச்சு ஆட்டிக்கிட்டிருந்தேன். அங்கதான் நழுவியிருக்கணும்" என்றார் ஐலி.

அன்று காலையில்தான் இருவருக்கும் பெரிய சண்டை. அம்மா வீட்டுக்கே போய்விடுகிறேன் என்று ஐலி சொல்லியிருந்தார். மத்தியானம் சுரங்கக் குட்டைக் கரையில் அவர் தனியாக நின்றதை ஆர்வோ பார்த்திருந்தார். அது போதாதா? கழற்றிக் குட்டையில் எறிந்துவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற மனிதர். புது மோதிரம் வாங்கிக் கொடுக்கவில்லை. ஐலியும் கேட்கவில்லை.

ஐலி சொன்னது மெய்யா பொய்யா என்று பார்த்துவிட, மெஷின் வாங்கிய முதல் நாள் நேரே ஊஞ்சலுக்குத்தான் போனார். இரும்புக் கால்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தன. தரையில் வைத்ததுமே மெஷின் கத்தியது. தோண்டினால், அந்தக் காலத்து பீர் டின்னிலிருந்து பிய்த்து எறிந்த திறப்பு வளையம். அடுத்ததும் அதுவே. இரண்டு மணி நேரம் வளையமாகவே வந்ததும் ஆர்வோவுக்குப் பொறுமை போனது. இந்தச் சனியனுக்கு மட்டும் கத்தாதே என்று, வேண்டாத உலோகத்தை ஒதுக்குகிற குமிழைத் திருகி வைத்தார். மெஷின் ஊமையானது. அந்த இடம் முழுக்கத் துழாவினார், முணுக்கென்று ஒரு சத்தம் இல்லை.

வீட்டில் ஐலி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"ஊஞ்சலடியில முழுசா பாத்துட்டேன். ஒண்ணுமே இல்ல."

"ஓ."

"மெஷின் பொய் சொல்லாது, ஐலி."

"அப்ப நான்தான் சொல்றேன், இல்ல?"

ஆர்வோ மெஷினைத் துடைக்க உட்கார்ந்துவிட்டார். அதைவிட ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம். அதற்குப் பிறகு ஐலி மோதிரத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. தினமும் காலையில் பிளாஸ்கில் காபி ஊற்றிக் கொடுத்து, "இன்னிக்கு எங்க?" என்று மட்டும் கேட்பார். பழைய பள்ளிக்கூடம் என்பார் ஆர்வோ, இல்லை கடைத்தெரு என்பார். ஐலி தலையை ஆட்டிக்கொள்வார்.

அடுத்த கோடையில் டோரீன் ட்ரெவாரோ கூடச் சேர்ந்துகொண்டார். தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற விதவை. சத்தம் வந்த இடத்தையெல்லாம் தோண்டுகிற பெண்மணி, வாயும் அப்படித்தான். ஒரு நாள் ஆப்பிள் மரத்தடியில் உட்கார்ந்து, கறியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட பாஸ்டியைத் தின்றபடி ஆர்வோவின் குமிழை எட்டிப் பார்த்தார்.

"அட கிழவா! வளையத்த வேணாம்னு வெச்சிருக்கியே. சின்னத் தங்க மோதிரமும் வளையமும் மெஷினுக்கு ஒரே சத்தம். அத வேணாம்னா இதுவும் வேணாம்னுதானே அர்த்தம்? இதுகூடத் தெரியாமலா ஒரு வருஷமா சுத்துறே?"

ஆர்வோ சிரித்து மழுப்பினார். ஊஞ்சல் அங்கிருந்து ஐந்து நிமிட நடை. அவர் போகவில்லை. அன்று மட்டுமல்ல, அதன் பிறகு ஒன்பது கோடை போகவில்லை. அங்கே மோதிரம் இருந்துவிட்டால் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவது? இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. நல்ல மனிதர்தான், தெருவில் தனியாக இருக்கிற கிழவிகளின் வாசல் பனியைக் கேட்காமலே தள்ளிவிடுவார். 'தப்பு பண்ணிட்டேன்' என்று மட்டும் சொல்லத் தெரியாது.

ஐலி ஒரு ஜனவரியில் செத்துப்போனார். எங்கள் பக்கம் குளிர்காலத்தில் நிலம் நாலடி ஆழத்துக்கு உறைந்து கிடக்கும். குழி வெட்ட முடியாது. குளிர்காலத்தில் இறந்தவர்கள் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் கல் அறை ஒன்றில் பெட்டியோடு வசந்தம் வரை காத்திருப்பார்கள். ஐலிக்கு மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். அதற்குள் மோதிரம் கிடைக்க வேண்டும் என்று ஆர்வோ தவித்தார். சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. மண் இளகியதும் டோரீன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஊஞ்சல் பக்கம் வரியா?"

"இத்தன வருஷமா அந்தப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்கல. இப்ப என்ன?"

எல்லாவற்றையும் சொன்னார். டோரீன் பூட்ஸை மாட்டினார். கார் பாதி தூரம் போன பிறகுதான் வாய் திறந்தார்.

"நீ ஒரு கழுதை, ஆர்வோ."

"தெரியும்."

"ஐலிக்கும் தெரிஞ்சிருக்கும்."

குமிழைத் திருப்பி வைத்து, கத்திய இடத்தையெல்லாம் தோண்டினார்கள். நாலு நாளில் வாளி பாதி நிறைந்தது, எல்லாம் வளையம். வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் அடக்கம். இடது பக்க இரும்புக் காலின் அருகே மெஷின் இன்னொரு முறை கத்தியது.

"இதுவும் வளையந்தான்" என்றார் ஆர்வோ.

"தோண்டு."

ஒரு சாண் கீழே மண்கட்டி உடைந்தது. உள்ளே மெல்லிய மஞ்சள் வட்டம். உள்பக்கம் அவர் பெயரின் எழுத்தும் ஐலி பெயரின் எழுத்தும் அப்படியே இருந்தன. ஆர்வோ சேற்றில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அந்தக் குழியை டோரீன்தான் மூடினார்.

சனிக்கிழமை, அடக்கம் செய்பவர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "பெட்டியத் தொறக்கட்டுமா? நீங்களே விரல்ல போட்டுவிடலாம்."

"வேணாம். அவ கையத் தொட எனக்கு யோக்கியதை இல்ல."

பெட்டி இறங்கியதும் மோதிரத்தைக் கைக்குட்டையில் முடிந்து குழிக்குள் போட்டார்.

டோரீன் காதோடு சொன்னார். "தங்கத்த மண்ணுக்குள்ள போடுறியே. நாளைக்கு எவனாவது மெஷினோட வந்தா?"

"கல்லறைல எவனும் மெஷின் வெக்க மாட்டான்."

அது மெஷின் வைத்துத் தேடுகிற எங்கள் ஆட்களின் எழுதாத சட்டம். அயோக்கியனும் அதை மீற மாட்டான்.

மண் தள்ள ஆள் நின்றிருந்தான். ஆர்வோ அவனை விலக்கிவிட்டு, சட்டைப் பையிலிருந்து தன் மண் தோண்டும் சிறு கரண்டியை எடுத்துக் குழியோரம் மண்டியிட்டார்.

"ஊஞ்சலடியிலதான் இருந்துச்சு, ஐலி. நீ சொன்ன எடத்துலயே. மெஷின் பொய் சொல்லல. நான்தான் அதோட வாய அடைச்சு வெச்சிருந்தேன்."

பிறகு மண்ணை அள்ளிப் போட ஆரம்பித்தார்.