நாலு கிலோமீட்டர் ஆழத்தில் ரபீக் தட்டினான்

சிரிக்கிறதா இருந்தா இப்பவே சிரிச்சிருங்கண்ணே, பாதியில சிரிச்சா எனக்குக் கோவம் வந்துரும். பேய், ஆவின்னு எவன் பேச்செடுத்தாலும் எந்திரிச்சுப் போற ஆளு நான். பூமி அதிர்றத அளக்குறதுதான் என் பொழப்பு, கருவியில பதியாததப் பத்திப் பேசவே மாட்டேன். இது கருவியில பதிஞ்சது, அதுதான் பிரச்சனையே.

நடுக்கடல்ல ஒரு எரிமலைத் தீவு. அதுக்கடியில எம்புட்டு ஆழத்துல இருந்து சூடு ஏறி வருதுன்னு பாக்கணும். அதுக்காகத் தீவைச் சுத்தி, நாலு கிலோமீட்டர் ஆழத்துல, கடல் தரையில நிலநடுக்கத்த அளக்குற கருவிகள எறக்கி ஒரு வருஷம் விட்டுருவோம். உலகத்துல எங்க பூகம்பம் வந்தாலும் அந்த அலை பூமிக்குள்ள பூந்து இந்தக் கருவிக்கு வரும், சூடான எடத்தத் தாண்டி வந்தா கொஞ்சம் லேட்டா வரும். அந்த லேட்ட வச்சுத்தான் அடியில இருக்குறதப் படமா வரையுறது. ஒரு செகண்டு தப்புனாலும் படம் கெட்டுரும்.

கருவிகள எறக்குனது ரபீக். நான் செல்லூரு, அவன் டவுனுக்குள்ள, காலேஜ்ல இருந்தே கூட்டாளி. எறக்குறதுக்கு முன்னாடி கருவி வேலை செய்யுதான்னு பாக்க அதோட மஞ்சள் ஓட்டுல தட்டணும், திரையில கோடு துள்ளும். எல்லாரும் கண்டமேனிக்குத் தட்டுவாங்க. ரபீக் மட்டும் ரெண்டு தட்டு, ஒரு மூச்சு விட்டு, ஒரு தட்டு. கேட்டா, "வீட்டுக் கதவ இப்பிடித்தான் மாப்ள தட்டுவேன், நூருக்கு நாந்தான்னு தெரிஞ்சிரும்"பான். நூரு அவன் சம்சாரம்.

கருவிகள எடுக்கப் போறதுக்குள்ள அவன் இல்ல. திருமங்கலம் தாண்டி நாலுவழிச் சாலையில பைக்குல போனவன ஏதோ வண்டி அடிச்சுத் தூக்கிப் போட்டுருச்சு. கருவேலங் காட்டுக்குள்ள கெடந்தவன ரொம்ப நேரங் கழிச்சுத்தான் பாத்திருக்காங்க. அடிபட்ட நிமிஷமே உசுரு போயிருச்சு, வலியே தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னாராம். நூரு அந்த ஒரு வார்த்தையப் பிடிச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருந்துச்சு. அவன் ஹெல்மெட்டுக்குள்ள ஹெட்செட்ட மாட்டிக்கிட்டு அப்ப எங்கூடத்தான் பேசிக்கிட்டு இருந்தான், பேச்சு பாதியில நின்னுச்சு.

அவனுக்குப் பதிலா நான் கப்பல் ஏறுனேன். ஏறி, அவன் தூக்கத்துல கூடப் பண்ணாத தப்பப் பண்ணேன். கடலடியில சாட்டிலைட் நேரம் கெடைக்காது, கருவியோட கடிகாரம் கொஞ்சங் கொஞ்சமாப் பிசகும். மேல தூக்குனதும் அதைச் சரியான நேரத்தோட ஒப்பிட்டுப் பாத்துட்டுத்தான் கரண்டப் புடுங்கணும். நான் முதல்லயே புடுங்கிட்டேன். தெக்குப் பக்கம் மத்ததெல்லாம் மேல வராமப் போக, மிஞ்சுன ஒரே கருவி அது. எம்புட்டுப் பிசகியிருக்குன்னு இனி எவனுக்கும் தெரியாது, ரபீக்கோட படத்துல பாதி போச்சு. ஊருக்கு வந்து மூணு மாசம் எனக்குச் சோறு எறங்கல. தெரிஞ்ச கணக்கெல்லாம் போட்டுப் பாத்தேன், ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரல. செத்தவனுக்குத் துரோகம் பண்ணிட்டேனேன்னு செவுத்துல முட்டிக்கிட்டு அழுதிருக்கேன்.

அன்னைக்கு மாசாந்திரக் கரண்ட் கட்டு, பட்டப்பகல். செல்லூர்ல தறியெல்லாம் நின்னா காது அடைச்ச மாதிரி இருக்கும். லேப்டாப் பேட்டரியில அந்தக் கருவியில பதிஞ்சதக் காதுக்குக் கேக்குற சத்தமா மாத்தி, வேகமா ஓடவிட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தேன். தீவோட மொனகல், தூரத்துல போற கப்பல், அம்புட்டுத்தான். திடீர்னு என்னமோ டிக்குன்னுச்சு. நிறுத்தி, மெதுவாக்கிக் கேட்டேன். ரெண்டு தட்டு. ஒரு மூச்சு. ஒரு தட்டு.

அம்புட்டுத் தண்ணிக்கடியில யாருண்ணே தட்டுறது? மீனு இடிச்சிருக்கும், நண்டு ஏறியிருக்கும்னு நானும் சொல்லிப் பாத்துக்கிட்டேன். தேதியப் பாத்தேன். கருவி லண்டன் நேரத்துல எழுதும், அஞ்சரை மணி கூட்டணும், ரெண்டு தரம் தப்பாக் கூட்டுனேன். அவன் அடிபட்ட நாளு. என் போன்ல பேச்சு நின்ன நேரத்துக்கும் முதல் தட்டுக்கும் நடுவுல மூணே செகண்டு.

எனக்கு வேற கதி இல்ல. அந்த மூணு செகண்டுதான் அன்னைக்குக் கடிகாரத்தோட பிசகுன்னு கிறுக்குத்தனமா எடுத்துக்கிட்டு, அதே கணக்குல முன்ன பின்ன நாளு எல்லாத்தையும் திருத்துனேன். நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம், ஒரே பக்கத்துல இருந்து வந்த அலையெல்லாம் வருஷம் பூரா ஒரே அளவு லேட்டா வந்து நின்னுச்சு. படம் முழுசாச்சு. எப்பிடித் திருத்துனன்னு மேலதிகாரி கேட்டதுக்கு வாய்க்கு வந்த கணக்கச் சொல்லிட்டேன்.

நூருகிட்ட மறைக்க முடியல, போய்ச் சொன்னேன். அந்தப் புள்ள அழுகல. கதவையே பாத்துக்கிட்டு இருந்துட்டு, "எத்தன தடவண்ணே தட்டுனாரு?"ன்னு கேட்டுச்சு.

"ஒரே தடவதாம்மா"ன்னேன்.

"அப்ப டாக்டர் சொன்னது நெசந்தான்"னு சொல்லிட்டு டீ போட எந்திரிச்சுப் போச்சு.

ஒரு தடவ இல்லண்ணே. அன்னைக்குக் கரண்ட் வந்து தறியெல்லாம் ஓட ஆரம்பிச்ச பெறகும் நான் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். ரெண்டு தட்டு, ஒரு மூச்சு, ஒரு தட்டு, திரும்ப ரெண்டு. போகப் போக நடுவுல மூச்சு நீண்டுக்கிட்டே போச்சு. மொத்தம் நாப்பது நிமிஷம், அதுக்கப்புறம் தட்டே இல்ல. அவன் பேச்சு பாதியில நின்னப்ப, சிக்னல் போயிருச்சு போலன்னு நெனச்சு, நான் திருப்பிக் கூப்பிடாம சாப்பிடப் போயிட்டேன்.