நான் அழுகலம்மா

இரண்டு வருடங்களுக்கு முன்னால் ராஜபாளையத்தில் நடந்தது. நான் நூல் மில்லில் வேலை பார்க்கிறேன். கணவர் ராணுவத்தில் இருக்கிறார். வருடத்துக்கு ஒரு தடவைதான் வருவார். மகள் அப்போது நான்காம் வகுப்பு.

அடிக்கடி தலை வலிக்கிறது என்பாள். அந்த நேரத்தில் இடது கண் மட்டும் சிவந்து தண்ணீராய்க் கொட்டும். அந்தப் பக்க மூக்கும் ஒழுகும். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டேன், சளி மருந்து கொடுத்தேன். எதுவும் கேட்கவில்லை. ஆனால் மத்தியானத்துக்குள் தானாகவே சரியாகி, விளையாடப் போய்விடுவாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடக் கண்ணைக் கசக்கிக்கொள்கிறாள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

காலாண்டுப் பரீட்சை அன்று காலையில் மறுபடியும் வலி என்றாள். எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. "ஒத்தக் கண்ணுல மட்டும் எவளாவது அழுவாளா? நடிக்காத ஏட்டி" என்று கன்னத்தில் அறைந்தேன், வலிக்கிறது என்று சொன்ன அதே பக்கத்தில். பையை எடுத்துக்கொண்டு போனாள்.

பதினொரு மணிக்கு டீச்சர் போன் செய்தார். பரீட்சைத் தாளின் மேலேயே வாந்தி எடுத்திருந்தாள். நான் போனபோது இடது இமை பாதி மூடித் தொங்கியது. முகத்தில் அந்தப் பாதி மட்டும் வியர்த்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் குழந்தைகள் டாக்டரிடம் காட்ட பஸ் ஏறினோம். வழி முழுக்க அந்தக் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டே வந்தாள். வெளிச்சம் கூசுகிறதா என்று கேட்டேன்.

"நான் அழுகலம்மா. அதுவா வருது" என்றாள்.

டாக்டர் நிதானமாக விசாரித்தார். மதுரைக்கு அனுப்பி ஸ்கேனும் பார்த்தார். ஒற்றைத் தலைவலிதான், சில குழந்தைகளுக்கு அதோடு கண்ணீர், மூக்கு ஒழுகல், வியர்வை எல்லாம் வரும், நம் கட்டுப்பாட்டில் இல்லாத நரம்புகள் செய்கிற வேலை அது என்றார். "பிள்ள நெனச்சாலும் வர வைக்க முடியாது, நிறுத்தவும் முடியாது." நான் அறைந்ததை அவரிடம் சொல்லவில்லை. மகளும் சொல்லவில்லை.

மருந்தில் வலி குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. வந்தால் என்னிடம் சொல்வதில்லை. முகத்தைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறாள். போன வாரம் கண் சிவந்திருந்ததைப் பார்த்து வலிக்கிறதா என்றேன். "இல்லம்மா, சோப்பு பட்டுட்டு" என்றாள். எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்டுவிட்டேன். சரிம்மா என்கிறாள், அவ்வளவுதான்.

வலிக்கு மருந்து கிடைத்தது. அம்மாவிடம் சொல்லிப் பயனில்லை என்று என் பிள்ளை அன்றைக்குக் கற்றுக்கொண்டதை எப்படி மறக்க வைப்பது என்றுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.