சின்னப் புள்ளிகள்

ஆய்வகத்தில் அவளைப் புள்ளியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கதிர்வீச்சு பட்ட செல்லுக்குள் எங்கெல்லாம் டி.என்.ஏ. அறுந்து ரிப்பேர் நடக்கிறதோ, அங்கெல்லாம் சாயம் பச்சைப் புள்ளியாக மின்னும். மைக்ராஸ்கோப்பில் அதை எண்ணுவது அவள் வேலை. எக்ஸ்ரே போடும் புள்ளிகள் சின்னவை. மறுநாளைக்குள் அநேகமாக மறைந்துவிடும். ஆல்பா கதிரின் புள்ளிகள் பெரியவை, லேசில் போகாது.

இரண்டு கதிரும் சேர்ந்து பட்ட செல் தட்டிலோ, மறுநாள் சின்னப் புள்ளிகளும் போகாமல் நின்றன. தட்டை மாற்றி எடுத்துத் தொலைத்தோமோ என்று தன்னையே திட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து பார்த்தாள். அதே கதைதான்.

"உங்க மேல தப்பில்லக்கா," என்றார் ஆய்வாளர். "ரிப்பேர் பண்ற புரோட்டீனெல்லாம் பெரிய உடைசல்லயே மாட்டிக்கிச்சு போல. சின்னதப் பாக்கக் கை ஒழியல."

அவள் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கணவர் இறந்த மாதமே மகளும் புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு வந்து நின்றாள். அப்போது ஒழுக ஆரம்பித்த சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. நேற்று வந்த புள்ளியக்காவின் சொந்த அக்கா, "ஒரு வாஷர் மாத்தக்கூடவா உனக்குத் துப்பில்ல?" என்று கேட்டபோது, இவள் வாளியை நகர்த்தி வைத்தாள்.

மதியம் அக்காவுக்கு போன் செய்தாள்.

"அந்தக் குழாய்... சோம்பேறித்தனம் இல்லக்கா அது. கை ஒழியல."

அக்கா கேட்டாள்:

"வாஷர் என்ன சைஸ்?"