மூன்று பத்திரிகைகளும் ஒரு பௌர்ணமியும்: திருவண்ணாமலைக்கு ஒன்றரை நாள்

நான்கு நாள் ஆலோசனைக்குப் பிறகு, வெள்ளிக்கிழமை மாலை 6.40 மணிக்கு, கல்யாணப் பத்திரிகைகளைப் பையில் வயதுப்படி அடுக்குவதில்லை, வழிப்படி அடுக்குவது என்று முடிவு செய்தேன். முடிவு எடுக்கப்பட்டபோது உடனிருந்தவள் என் மனைவி மட்டுமே. அவள் கருத்துச் சொல்ல மறுத்துவிட்டாள்.

இருந்தவை மொத்தம் மூன்று பத்திரிகைகள். மூன்றுக்கு ஒரு வரிசை எதற்கு என்று கேட்பவர்கள் சொந்தக்காரர்கள் இல்லாதவர்களாக இருக்க வேண்டும்.

தங்கை சுமதிக்குக் கல்யாணம். சென்னையில் பத்திரிகை கொடுத்து முடித்தாயிற்று. ஊரில் பாக்கி இருந்தவர்கள் அம்மாவின் இரண்டு அண்ணன்களும், என் பள்ளித் தோழன் ரமேஷும். அப்பாவும் அம்மாவும் ஜோடியாகப் போய்க் கொடுப்பதுதான் முறை. அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகிப் பதினோரு நாள். அவரை விட்டு அம்மா நகர முடியாது. ஆகவே நான் மட்டும், சனி காலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்புவது என்று ஏற்பாடு.

சென்னையிலிருந்து செஞ்சி வழியாகப் போனால் முதலில் வருவது கீழ்பென்னாத்தூர். அங்கே சின்ன மாமா. அங்கிருந்து பதினெட்டு கிலோமீட்டரில் திருவண்ணாமலை டவுன், அங்கே ரமேஷ். டவுனைத் தாண்டி, கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை, அங்கே பெரிய மாமா. வயதுப்படி போவதென்றால் கடைசி ஊருக்கு முதலில் போய், வந்த வழியே திரும்ப வேண்டும். படித்தவன் செய்கிற காரியமா அது?

பெரிய மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆறு வருடத்துக்கு முன்பு எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அவருக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பினேன். சுழலும் குத்துவிளக்கு, பின்னணியில் நாதஸ்வரம், எல்லாம் உண்டு. அவர் வரவில்லை. அன்றிலிருந்து அம்மாவோடு பேசவும் இல்லை. அம்மாவின் போனில் அவர் பெயர் 'அஅ அண்ணன்' என்று இருக்கிறது. பட்டியலில் முதலில் வர வேண்டுமாம். ஆறு வருடமாக அந்த முதல் பெயர் முதலிலேயே இருக்கிறது. இந்தக் கல்யாணத்துக்கும் அவர் வராவிட்டால் அம்மா மணமேடைக்குக் கீழே நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்வதில்லை.

கிளாம்பாக்கத்தில் காலை 5.45க்குப் பேருந்து. கீழ்பென்னாத்தூருக்கு 130 ரூபாய். 9.50க்கு இறங்கினேன். சின்ன மாமா வீடு பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். இட்லி முடிந்ததும் 10.30க்குத் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மூன்று வாழைப்பழம், பூ, குங்குமம், மேலே பத்திரிகை என்று வைத்து மாமாவிடமும் அத்தையிடமும் நீட்டினேன். இருவரும் சேர்ந்து வாங்கிக்கொண்டார்கள். எல்லாம் திட்டப்படி நடந்தது. பத்து நிமிடம் கழித்து அம்மா கூப்பிட்டாள்.

"எங்கடா இருக்க?"

"சின்ன மாமா வீட்லம்மா."

"சும்மா எறங்கிப் பாத்தியா, குடுத்துட்டியா?"

"இப்பதான் குடுத்தேன்."

அப்பாவின் டிவியை அம்மா நிறுத்துவது போனில் கேட்டது.

"பெரியண்ணனுக்குத்தான் மொதல் பத்திரிகைனு சொன்னேனா இல்லியா?"

"வழியில இருக்குதேனு..."

"வழியில இருக்குதேனு குடுக்கறதுக்கு நீ இன்னா கொரியர்காரனா? அவரு கேக்கற மொதக் கேள்வியே அதாண்டா. போச்சு. இந்தத் தடவையும் போச்சு."

அம்மா அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்ல ஏதாவது இருந்திருக்கும். அவள் குரல் போனுக்கு வெளியேயும் கேட்கிற ரகம் என்பதால் சின்ன மாமாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நான் போனை வைத்ததும் அவர் பத்திரிகையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இந்தா மாப்ள. நான் இன்னும் பிரிக்கல. பிரிக்காத பத்திரிகை குடுத்த கணக்குல வராது. மொதல்ல அண்ணனுக்குக் குடு. நாளைக்குப் போறப்ப வந்து எனக்குக் குடு."

சட்டம் படிக்காதவர் இவ்வளவு நுட்பமான பிரிவைக் கண்டுபிடித்ததில் எனக்கு வியப்பும், உடனே அதைப் பயன்படுத்திக்கொள்ளும் அவசரமும் ஏற்பட்டன. பத்திரிகையை வாங்கிப் பையின் முன்பக்க ஜிப்பில் வைத்தேன். அத்தை தாம்பாளத்தைப் பார்த்தார்.

"பழத்தையும் எடுத்துக்கினு போப்பா. இங்க இருந்தா குடுத்த மாதிரி ஆயிடும்."

"அதெல்லாம் இருக்கட்டும் அத்தை."

"இல்லல்ல. எடுத்துக்கோ. நாளைக்குப் புதுசா வாங்கியாருவ இல்ல?"

மூன்று வாழைப்பழங்களும் பைக்குள் போயின. அத்தை நாளொன்றுக்கு இரண்டு முறை அடி அண்ணாமலைக்குப் போன் பேசுபவர். காலையில் யார் வந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பது மதியத்துக்குள் மலையைச் சுற்றி வந்துவிடும். 'சொல்லாதீர்கள்' என்று அவரிடம் கேட்க வாயெடுத்து, கையில் வாழைப்பழத்தோடு அதைக் கேட்க முடியாமல் விட்டுவிட்டேன்.

உடனே கிளம்பியிருக்க வேண்டும். மதியச் சாப்பாடு சாப்பிடாமல் கிளம்ப முடியாது என்பதால் 1.20 ஆயிற்று. பேருந்தில் நிற்க இடமில்லை. பக்கத்தில் நின்றவரிடம் ஏன் இவ்வளவு கூட்டம் என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பௌர்ணமி சார் இன்னிக்கு."

பதினேழு வயது வரை அந்த ஊரில் வளர்ந்தவன், நாட்காட்டியில் முகூர்த்தம், ராகு காலம், அலுவலக விடுமுறை எல்லாம் பார்த்தவன், பௌர்ணமியை மட்டும் பார்க்கவில்லை. பதினெட்டு கிலோமீட்டருக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆயிற்று. கட்டணம் வழக்கம்போல 20 ரூபாய். பேருந்து ஊருக்குள் போகாமல் புறநகரில் போட்டிருந்த தற்காலிக நிலையத்தில் நின்றது. அங்கிருந்து ஷேர் ஆட்டோவுக்கு 50 ரூபாய். "ஜாஸ்தியா இருக்குதே" என்றேன். "நீங்க வேணா நெலாவக் கம்மி பண்ணச் சொல்லுங்க, நான் கம்மி பண்றேன்" என்றார் ஓட்டுநர். ஏறி உட்கார்ந்தேன்.

3.45க்கு ரமேஷின் பேட்டரிக் கடை. அவன் என் பையைத்தான் முதலில் பார்த்தான்.

"பத்திரிகை எட்னு வந்தியா? குடு."

"உனக்கும் இருக்குதுடா. ஆனா இப்பக் குடுக்க முடியாது. மாமாவுக்கு அப்புறம்தான்."

"இன்னாடா இது, ரேஷன் கடையா? டோக்கன் குடுத்துட்டுப் போ."

இருந்தாலும் பைக்கை எடுத்தான். சந்துகளில் நுழைந்து செங்கம் சாலைத் தடுப்பு வரை கொண்டுவந்து விட்டான். அங்கே ஒரு யோசனையும் சொன்னான். பாதை மொத்தம் பதினாலு கிலோமீட்டர். முறைப்படி சுற்றினால் அடி அண்ணாமலைக்குக் கோயிலிலிருந்து எட்டு. காஞ்சி சாலைப் பக்கமாக எதிர்த்திசையில் போனால் ஆறு. அதிலும் பாதித் தூரம் பைக்கில் விட்டுவிடுவான்.

நேரம் 4.15. அத்தை இந்நேரம் முதல் போனைப் பேசி முடித்திருப்பார். எதிர்த்திசையில் போனால் ஒரு மணி நேரம் மிச்சம். ஆனால் பௌர்ணமியன்று கல்யாணப் பத்திரிகையை எதிர்ச்சுற்றாக எடுத்துப்போனவன் என்ற பெயர் என்னோடு மட்டும் நிற்காது, சுமதியின் பிள்ளைகள் வரை போகும். பகுத்தறிவுள்ளவன் என்ற முறையில் இதையெல்லாம் நம்புவதில்லை. முறைப்படியே நடந்தேன்.

கூட்டம் அதன் வேகத்தில்தான் போகும், முந்த முடியாது. போன் சிக்னலும் வந்து வந்து போனது. அம்மாவிடமிருந்து ஏழு தவறிய அழைப்புகள் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. திரும்ப அழைத்தால் போகவில்லை. எல்லோரும் வெறுங்காலில் இருந்தார்கள். என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. நாலாவது கிலோமீட்டரில் சின்ன மாமாவின் வாழைப்பழங்களைச் சாப்பிட்டேன். பசி ஒரு காரணம். சாட்சியத்தை அழிப்பது இன்னொன்று.

6.30க்கு அடி அண்ணாமலை. பெரிய மாமா வீடு பாதையை ஒட்டியே இருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலில் மேசை போட்டுச் சுக்கு காபி விற்பார்கள், கப் 15 ரூபாய். ஆறு வருடத்தில் மாமாவுக்கு முடி முழுதாக வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"வா. செருப்ப அப்படி உடு. கையக் கழுவிட்டு வந்து கப்ப அடுக்கு. கும்பல் கம்மியாவட்டும், பேசலாம்."

ஒரு மணி நேரம் காகிதக் கப் அடுக்கினேன். மாமா ஊற்றினார், நான் கொடுத்தேன். இடையில் மேசை மேலிருந்த அவர் போன் அடித்தது. திரையில் சின்ன அத்தையின் பெயர். கையில் இருந்த கப்புகள் சரிந்தன. பாத யாத்திரிகர் ஒருவர் பொறுக்கித் தந்தார். மாமா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டார்.

"ம்... ம்... வந்துட்டான்... அப்படியா... ம்... சரிம்மா."

வைத்துவிட்டார். இன்னும் இரண்டு பேருக்குக் காபி ஊற்றினார். அதன் பிறகுதான் சொன்னார்:

"ஒன்ன ஒழுங்கா சாப்பிட வைக்கச் சொல்றா. வழில எங்கியும் சாப்பிட்டிருக்க மாட்டான்றா."

அத்தை சொல்லவில்லை. அவருடைய வாழ்க்கையில் அன்று ஒருநாள் அவர் ஒரு செய்தியைச் சொல்லாமல் வைத்திருந்தார்.

7.40க்கு விளக்கேற்றிய அறையில் மாமாவும் பெரிய அத்தையும் நின்றார்கள். வழியில் வாங்கிய புதுப் பழம், புது வெற்றிலையோடு தாம்பாளத்தை நீட்டினேன். மாமா கையை நீட்டவில்லை.

"சின்னவனுக்குக் குடுத்தாச்சா?"

"இல்ல மாமா. நாளைக்குத்தான்."

நான் சொன்னது உண்மை. அதற்கான ஆதாரம், ஓரத்தில் குங்குமம் ஒட்டி, என் முதுகுக்குப் பின்னால் பையில் இருந்தது. அவர் என்னை எவ்வளவு நேரம் பார்த்தார் என்று துல்லியமாகத் தர இயலவில்லை. பிறகு வாங்கினார். பிரித்தார். சுமதியின் பெயரை வாய்விட்டுப் படித்தார்.

"ஒங்கம்மாவுக்குப் போனப் போடு."

போட்டுக் கொடுத்தேன்.

"நான்தாம்மா... ம்... வந்தான், வந்தான். ஆறு வருசத்துல எளச்சிப் போயிட்டான். அவருக்கு முட்டி எப்படி இருக்குது? ... ஏ, இன்னாத்துக்கு அழுவற? கேட்டதுக்குப் பதில் சொல்லு. முட்டி எப்படி இருக்குது?"

பெரிய அத்தை என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுத் தோசை போட்டார். அன்று முதன்முறையாக ருசி தெரிந்து சாப்பிட்டேன்.

ஞாயிறு காலை 11 மணிக்குக் கீழ்பென்னாத்தூரில் இருப்பதாகச் சொல்லியிருந்தேன். பெரிய மாமா வீட்டில் பலகாரம் முடியவே 9.30. பாதையில் கூட்டம் இன்னும் ஓயாததால் வாகனம் கிடையாது. மீதி ஆறு கிலோமீட்டர் நடந்து ரமேஷ் கடைக்கு 11.10. அவனுக்குப் பத்திரிகை கொடுத்தேன், "டோக்கன் நம்பர் ரெண்டா? பரவால்ல" என்றான். அவன் வீட்டில் சாப்பிடாமல் விடவில்லை. தற்காலிகப் பேருந்து நிலையத்துக்கு வந்தபோது 1.15. அதற்குள் சின்ன மாமா இரண்டு முறை போன் செய்திருந்தார். "வந்துட்டே இருக்கேன் மாமா" என்று இரண்டு முறையும் சொன்னேன்.

எல்லா ஊரிலும் நிற்கும் பேருந்துக்கு வரிசை சாலை வரை நீண்டிருந்தது. இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். எதிரிலேயே சென்னைக்கு நிற்காமல் போகும் சிறப்புப் பேருந்து, ஒரே ஒரு ஜன்னல் இருக்கை காலி. திங்கள் காலை ஒன்பதுக்கு எனக்கு ஒரு கூட்டம் இருந்தது. நடத்துநரிடம் கேட்டேன்.

"கீழ்பென்னாத்தூர்ல ஒரு நிமிஷம் நிக்குமாங்க? ஒரு பத்திரிகை குடுக்கணும்."

"நடுவுல ஸ்டாப்பே இல்ல சார். ஏறுறதுன்னா ஏறுங்க, எறங்குறதுன்னா எறங்குங்க."

ஏறினேன். 180 ரூபாய். 2.40க்குப் பேருந்து கீழ்பென்னாத்தூரைக் கடந்தது. சின்ன மாமா பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. வருகிற ஒவ்வொரு பேருந்தின் பெயர்ப்பலகையையும் படிக்கிறவர் மாதிரி தலையைத் தூக்கி வைத்திருந்தார். போன் செய்தேன்.

"மாமா, வண்டி நிக்கல மாமா..."

"பாத்தேன்டா. ஜன்னலாண்ட குந்திக்கினு இருந்தியே." பக்கத்தில் அத்தை ஏதோ கேட்டது காதில் விழுந்தது. "பரவால்ல. பத்திரமா போ."

அடுத்த வாரம் போவதாக இருந்தது. அப்பாவின் முழங்கால் வீங்கியது. அதற்கடுத்த வாரம் அலுவலகம். கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது பத்திரிகையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, நேரில் வர முடியாததற்கு வருந்துவதாக எழுதினேன். நாலு நிமிடத்தில் இரண்டு நீலக் குறிகள் விழுந்தன.

இதே மாதிரிப் பயணத்துக்குத் திட்டமிடுகிறவர்களுக்கு: கிளம்புமுன் பௌர்ணமி எப்போது என்று பாருங்கள். அன்று ஊருக்குள் எங்கே போவதானாலும் இரண்டு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். செருப்பு, கழற்றிப் பையில் வைக்கிற மாதிரி இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு வீடு போதும். ஒவ்வொரு வீட்டிலும் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள், வேண்டாம் என்று சொல்லிப் பார்ப்பதற்கு இன்னும் கால் மணி. சிறப்புப் பேருந்துகள் நடுவில் நிற்பதில்லை. எனக்கு ஆன செலவு, பூ பழம் உட்பட, 640 ரூபாய்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பெரிய மாமா முதல் நாள் காலை பதினோரு மணிக்கே சீர்த்தட்டுகளோடு மண்டபத்துக்கு வந்துவிட்டார். சின்ன மாமா வரவில்லை.